காச்யப கோத்திரத்துக் குஞ்சம்மாள்

6 மே 1979, ஞாயிறு

இவருக்குத் திடீரென்று பக்தி வந்திருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். தெருக்கோடிப் பிள்ளையாரிடம்கூட நான் இழுத்துக்கொண்டு போனால்தான் வருவார். வந்தாலும் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிடுவார். அந்த மனுஷர் இன்று காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பத்ரிநாத் போயிட்டு வந்துடலாமா, வைதேஹி?" என்கிறார். அங்கே பிரம்ம கபாலத்தில் பிண்டம் போட்டால் முன்னோர் அத்தனை பேரும் கரையேறிவிடுவார்களாம். மாமனார் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் நின்றவருக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். வழக்கமாகச் சிரிப்பார். சிரிக்கவில்லை.

கோல் மார்க்கெட் பரமசிவம் வருஷா வருஷம் தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து பஸ் விடுகிறார். ஜூன் எட்டாம் தேதி புறப்பாடு. மேல்வீட்டுச் செல்லம்மாள் மாமி, பக்கத்து ராமமூர்த்தி வீட்டார் என்று நம் சரோஜினி நகர் பிளாக்கில் பாதிப் பேர் வருகிறார்கள். நமக்கு இரண்டு சீட் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெண் ரோஹிணியைக் கரோல் பாகில் என் தங்கை வீட்டில் விடலாமாம். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார். யோசித்துப் பேசுகிறவரா இவர்? ஏதோ இருக்கிறது.

9 மே

நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் கம்பளிப் பெட்டியைத் திறந்தேன். மலைக்கு என்னென்ன தேறும் என்று பார்க்க.

மாசியில் நான் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது இவரே எல்லாக் கம்பளியையும் வெயிலில் காய வைத்து, பாச்சை உருண்டை போட்டு அடுக்கியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்ததும் பெருமையாகத்தான் இருந்தது. இன்று இல்லை. சாம்பல் நிற ஓவர்கோட்டின் அடி லைனிங்கை யாரோ கத்தரித்து, மறுபடி கறுப்பு நூலால் தைத்திருக்கிறார்கள். கோணல்மாணலாக, பத்து தையல். ஆண்பிள்ளைத் தையல்.

உள்ளே எதை ஒளித்தார்? பிரித்துத் துழாவினேன். ஒன்றும் இல்லை. நானே திரும்பவும் தைத்துவிட்டேன்.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலைக்கு வருகிற ராஜாத்தி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா தேடறீங்க?" என்றாள். இவளுக்கு எதற்கு? துணி சோப்பை அளந்து கொடுத்துவிட்டு அலமாரியைப் பூட்டினேன். மூன்று வருஷம் முன்பு வேலு அம்மா என் வைரத்தோட்டில் ஒன்றைக் கொண்டு போனாளே, அன்றிலிருந்து சாவிக்கொத்து என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. நாலு வருஷம் நம் வீட்டில் வேலை செய்தவள் அவள். இவள் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

13 மே, ஞாயிறு

கோல் மார்க்கெட்டில் சாஸ்திரிகளைப் பார்க்கப் போனார். நானும் வருகிறேன் என்றேன். "வெயில் ஜாஸ்தி, நீ எதுக்கு?" என்றார். மார்க்கெட்டுக்கு அனுப்பும்போது தெரியாத வெயில்.

திரும்பி வந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பித்ருக்கள் பேரெல்லாம் கோத்திரத்தோட எழுதிண்டு வரச் சொன்னார்." அவ்வளவுதான்.

15 மே

நேற்று எல்லாருக்கும் காலரா ஊசி. அந்தச் சான்று இல்லாவிட்டால் ரிஷிகேசத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இவருக்குக் கை வீங்கி ஜுரம். ஆபீஸ் போகவில்லை.

தூங்கும்போது சட்டைப்பையில் பார்த்தேன். பார்த்தது தப்புதான். பார்க்காமல் இருந்திருந்தாலும் தப்புதான்.

ஆபீஸ் காகிதத்தில் முத்து முத்தாக எழுதியிருக்கிறார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அம்மா வழி. அப்புறம் 'காருண்ய பித்ருக்கள்' என்று தலைப்பு. நமக்கு யாருக்கெல்லாம் செய்ய வேண்டும் என்று மனசில் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் அங்கே ஒரு பிண்டம் போடலாம். பெரியப்பா, சின்ன மாமா, பள்ளிக்கூட வாத்தியார், ஆபீஸில் போன வருஷம் போன ஜோதிலிங்கம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவு, கோத்திரம்.

கடைசி வரி: குஞ்சம்மாள் — காச்யபம்.

உறவு என்கிற இடம் காலி.

யார் இவள்?

16 மே

பொறுமையாக யோசித்தேன். இவர் பாரத்வாஜம். நான் பிறந்தது ஸ்ரீவத்சம். இவர் பக்கத்தில் காச்யபம் யார்? அத்தை வாழ்க்கைப்பட்ட குடும்பம். மாயவரத்தில் அத்தைக்கு மூன்று பெண்கள். மூன்றாவது பெண்ணைக் குஞ்சு, குஞ்சு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். என் கல்யாணத்தில் எனக்கு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது கூச்சம் என்று நினைத்தேன்.

அத்தை பெண். முறைப்பெண். கல்யாணமாகிக் கோத்திரம் மாறினவளைப் பிறந்த வீட்டுக் கோத்திரத்திலேயே எழுதியிருக்கிறார். உறவு எழுத ஏன் கை வரவில்லை என்று இப்போது புரிகிறது.

நாத்தனார் காமாக்ஷிக்கு இன்லண்ட் எழுதிப் போட்டேன். சும்மா விசாரிப்பதுபோல நாலு வரி. நடுவில், 'அத்தை பெண் குஞ்சு எப்போது போனாள்? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே' என்று ஒரு வரி.

18 மே

காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தார். குற்றமுள்ளவர்தான் இப்படிக் குடிப்பார்.

20 மே, ஞாயிறு

"ஆபீஸ்ல கொஞ்சம் வேலை" என்று காலை எட்டு மணிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை! ஒரு மணிக்குத் திரும்பினார். செருப்பெல்லாம் புழுதி. நம் பக்கத்து மண் இல்லை, வெளுத்த ஆற்று மணல் மாதிரி. சட்டைப்பையில் இரண்டு பஸ் டிக்கெட், யமுனைக்கு அந்தண்டை போகிற பஸ்.

செத்துப் போனவளுக்குப் பிண்டம் என்றால் யமுனைக்கு அந்தண்டை யாரைப் பார்க்கப் போகிறார்? அவளுக்குக் குடும்பம் இருக்கிறதா? குழந்தை இருக்கிறதா? ஐயோ, என்ன எழுதுகிறேன் நான்.

கேட்டுவிடலாம் என்று அருகில் போய் உட்கார்ந்தேன். "தலை வலிக்கிறது, வைதேஹி" என்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு இருபத்தைந்து வருஷமும் வலித்தது.

24 மே

காமாக்ஷி பதில் போட்டுவிட்டாள்.

'மன்னி, என்ன இப்படி எழுதிட்டேள்! குஞ்சு ஜாம்ஷெட்பூர்ல பேரன் பேத்தியோட குத்துக்கல்லாட்டம் இருக்கா. போன மாசம்கூட அப்பளம் அனுப்பினா. அவகிட்ட சொல்லாதீங்கோ, கேட்டா அழுதுடுவா.'

ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. மறு நிமிஷம், அப்படியானால் இவள் யார்? அத்தை பெண்ணாக இருந்தால் ஊரறிந்த விஷயம் என்று தள்ளிவிடலாம். ஊரும் தெரியாமல் உறவும் தெரியாமல் ஒருத்தி. காச்யப கோத்திரத்தில் இந்தியா முழுவதும் எத்தனை பேர் இருப்பார்கள்.

சாப்பிடும்போது கேட்டேன், "உங்க அத்தை பெண் குஞ்சுவை ஞாபகம் இருக்கா?"

"எந்தக் குஞ்சு? ஓ, அவளா. ஏன்?" ரசத்தை உறிஞ்சினார். கண் தாழவில்லை.

25 மே

நான் பத்ரிக்கு வரவில்லை என்று சொல்லப் போகிறேன். யாரோ ஒருத்திக்கு இவர் எள்ளும் தண்ணீரும் விட, பக்கத்தில் தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதா?

27 மே, ஞாயிறு

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதிவிடவேண்டும்.

காலையில் ராஜாத்தி ரேஷன் கார்டு ஃபாரம் ஒன்றைக் கொண்டுவந்து ரோஹிணியிடம் கொடுத்தாள். ரோஹிணிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஹிந்தி தண்ணீர்ப்பட்ட பாடு. கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல். வேலையை விட்டுவிட்டு என்ன ஃபாரம்?

"ஜல்தி ஆயிடும்மா," என்றாள் ரோஹிணி. "வேலு அம்மாவுக்குக்கூட நான்தானே ஃபில் பண்ணினேன். அப்ப நான் எய்த்ல இருந்தேன். நாம் — குஞ்சம்மா. பதி கா நாம் — பெரியண்ணன். கையெழுத்துப் போடக்கூடக் கத்துக் கொடுத்தேன், யாத் இருக்கா?"

என் கையில் அரிவாள்மணையில் நறுக்கிய வெண்டைக்காய்.

"யாருக்கு என்ன பேர்?" என்றேன்.

"வேலு அம்மா பேர்மா. குஞ்சம்மா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நாலு வருஷம் என் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். வேலுவின் அம்மா, வேலு அம்மா. அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

இவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். "குஞ்சம்மாள்னா வேலு அம்மாவா?" என்றேன்.

பேப்பரை மடித்து வைத்தார். ஆபீஸ் பையைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். அதற்குள் பொட்டலம். பொட்டலத்துக்குள் என் தோடு. திருகோடு.

"கோட் லைனிங்ல இருந்தது," என்றார். "மாசியில வெயில்ல போடறச்ச கையில இடறித்து. பையில ஓட்டை. உள்ள இறங்கியிருக்கு."

"ஏன் சொல்லலை?"

"முதல்ல அவளைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டு சொல்லலாம்னு இருந்தேன். அவ இருந்த ஜுக்கிக் குடிசையெல்லாம் இடிச்சுட்டான்களே. விசாரிச்சு, விசாரிச்சு, யமுனைக்கு அந்தண்டை அவ புருஷன் பெரியண்ணனைப் பிடிச்சேன். அவ போய்ட்டா, வைதேஹி. போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள். இங்க யாரும் அவளை வேலைக்கு வெச்சுக்கலை. கட்டடத்துல செங்கல் சுமக்கப் போயிருக்கா. சுவர் விழுந்துடுத்து."

பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு அவரே சொன்னார், "திதி கேக்கறதுக்காகப் போன ஞாயித்துக்கிழமை மறுபடி போனேன். தோடு கிடைச்சதை ரெண்டு தடவையும் அவன்கிட்ட சொல்ல வாய் வரலை. நீ கோட்டைப் பிரிச்சு நேராத் தைச்சிருந்ததையும் பார்த்தேன். அப்பவும் வாய் வரலை."

"காச்யபம்?"

"கோத்திரம் தெரியாதவாளுக்குக் காச்யபம்னு சொல்லிடலாம்னார் சாஸ்திரிகள்."

இதுகூடத் தெரியாமல் நான் ஜாம்ஷெட்பூரில் சுகமாக இருக்கிற ஒருத்தியைக் கொன்றேன்.

28 மே

அது ஒரு வெள்ளிக்கிழமை, எழுபத்தாறு ஜனவரி. எண்ணெய் தேய்த்துக்கொள்ளத் தோட்டைக் கழற்றினேன். குளிர் என்று ஓவர்கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்றேன். ஒன்றை மாடத்தில் வைத்தேன். மற்றதைப் பையில் போட்டேனா? நினைவு வரவே மாட்டேன் என்கிறது. வந்துவிட்டால்கூடத் தேவலை.

மற்றதெல்லாம் நினைவிருக்கிறது. "முந்தானையை உதறு" என்றேன். மாடிப்படியில் செல்லம்மாள் மாமியும் ராமமூர்த்தி சம்சாரமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதறினாள். இரண்டு வெற்றிலையும் வேலுவுக்கு நான் கொடுத்த இட்லியும் விழுந்தன. "இடுப்பையும் காட்டு" என்றேன். காட்டினாள். ஒன்றும் இல்லாதபோதும் நான் விடவில்லை. வாயில் போட்டிருப்பாள் என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் அவள் வேலை செய்த மற்ற நாலு வீட்டுக்கும் நானே போய், கைசுத்தம் இல்லாதவள், ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்த நினைப்போடு வந்தேன்.

30 மே

"தோட்டைப் போட்டுக்கோயேன்" என்றார். மாட்டேன்.

3 ஜூன், ஞாயிறு

போனோம். இரண்டு பஸ் மாறி, அப்புறம் மணலில் நடை. அவன் கத்தினால் என்ன செய்வது, அடித்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் அதே பயம். போகும்போதுகூட என் பயம்தான் எனக்கு.

பெரியண்ணன் கத்தவில்லை. கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னான். வேலு வேலைக்குப் போயிருந்தான். இவர் ஆரம்பித்தார், நடுவில் நின்றுவிட்டார். நான் சொன்னேன். எங்கே இருந்தது, யார் போட்டது, எல்லாம். தோட்டைக் கையில் வைத்துக் காட்டினேன். அவன் அதைத் தொடவில்லை, குனிந்து பார்த்தான்.

"இதுங்களா," என்றான். "சாகிற வரைக்கும் இதையேதாங்க கேட்டுக்கிட்டிருந்தா. அந்தம்மாவுக்குத் தோடு கெடச்சிருக்குமா, போய்ப் பாத்துட்டு வாடான்னு வேலுவை வெரட்டுவா. அவன் போக மாட்டேன்னுட்டான்."

எனக்கு அழுகை வந்தது. அவன் அழாதபோது நான் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

இவர் பத்ரிநாத்தைப் பற்றிச் சொன்னார். பெரிய ஸ்தலம், அங்கே அவள் பேரைச் சொல்லிப் பிண்டம் போடுகிறோம் என்று. பெரியண்ணன் எல்லாவற்றையும் கேட்டான்.

"வேணாங்க. அவளுக்கு எங்க மொறைப்படி நாங்க படைச்சாச்சு. உங்க சீட்டுல அவ பேரு வேணாம்."

"மனசுக்கு ஒரு…" என்றார் இவர்.

"உங்க மனசுக்குங்களா?" என்றான், மரியாதையாகத்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "அம்மா, அந்த மலையில இருக்கிற சாமிக்கு அவ எடுக்கலேன்னு தெரியும். உங்க பிளாக்குல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியாது. சொல்லணும்னா அங்க சொல்லுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் காகிதத்தை எடுத்துக் கடைசி வரியை அடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5 ஜூன்

நாலு வீடு. முதலில் மேல்வீடு. பதினாறு படி. நடுவில் இரண்டு தடவை நின்றேன்.

செல்லம்மாள் மாமி தோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அச்சா, கிடைச்சுதே! பத்ரிநாராயணன் கிருபை" என்றாள். அவள் எடுக்கவில்லை, மாமி, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். மாமியின் முகம் மாறிவிட்டது. "இப்ப எதுக்குடி அதைக் கிளறிண்டு? நீ சொல்லித்தானே நாங்களும் அவளை நிறுத்தினோம்? ரெண்டு தடவை வாசல்ல வந்து நின்னா. போன்னுட்டேன். என்னையும் இதுல இழுத்து விட்டுட்டியே." கதவைச் சாத்திக்கொண்டாள். மாமி சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

ராமமூர்த்தி சம்சாரம் சிரித்து மழுப்பினாள். மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. ராத்திரி வந்துவிட்டார்களா என்று பார்த்து மறுபடி போய்ச் சொன்னேன். நாலாவது வீட்டில், "எந்த வேலு அம்மா?" என்றார்கள். மறந்தே போய்விட்டார்கள். குஞ்சம்மாள் என்று பேர், இந்த மாதிரி இருப்பாள் என்று ஆதியிலிருந்து சொல்லி ஞாபகப்படுத்தி, அப்புறம் அவள் எடுக்கவில்லை என்று சொன்னேன்.

ராஜாத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்றைக்குப் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

8 ஜூன்

விடியற்காலை புறப்பாடு. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார யாருக்கும் விருப்பமில்லை. இவர் உட்கார்ந்தார்.

12 ஜூன், பத்ரி

அலகநந்தைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிறது. பிரம்ம கபாலத்தில் பாறைமேல் உட்கார்ந்து இவர் ஒவ்வொரு பேராகச் சொன்னார். அப்பா. தாத்தா. அம்மா. வாத்தியார். ஜோதிலிங்கம். நான் தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் யாராவது விட்டுப் போயிருக்காளா?" என்று பஸ்ஸில் கூட வந்த சாஸ்திரிகள் கேட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை," என்றேன்.

14 ஜூன், ஜோஷிமட்

கீழே இறங்கும் வண்டிகளை விடுவதற்காக கேட் திறக்கக் காத்திருந்தோம். செல்லம்மாள் மாமியின் வெள்ளிச் சம்புடத்தைக் காணோம். தர்மசாலையிலிருந்து பஸ்ஸுக்கு மூட்டை தூக்கியவர் ஒரு வயசான மனுஷர். எல்லாருடைய கண்ணும் அவர்மேல். ஒன்பது நாளாக என்னோடு பேசாத மாமி நேரே என்னிடம் வந்தாள். "உனக்குத்தான் ஹிந்தி நன்னா வரும். அவனை மூட்டையை அவிழ்த்து உதறச் சொல்லு."

"முதல்ல நம்ம மூட்டையை உதறுவோம், மாமி," என்றேன்.

உதறினோம். என்னுடையதை முதலில். கம்பளி, கோட்டு, போர்வை, ஸ்வெட்டர் கை, லைனிங் எல்லாம் தடவிப் பார்த்தோம். சம்புடம் கிடைக்கவில்லை. மாமி ரிஷிகேசம் வரைக்கும் என்னோடு பேசமாட்டாள்; அப்புறமும் சந்தேகம்தான். கேட் திறந்து பஸ் ஹாரன் அடித்தது. மூட்டை தூக்கியவர் அதுவரைக்கும் போகாமல், கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உதறச் சொன்னால் உதறத் தயாராக நின்றுகொண்டே இருந்தார்.

பஸ்ஸில் ஏறினவள் இறங்கிப் போய் அவரிடம் பேர் கேட்டேன். முதலில் பயந்தார், அப்புறம் சொன்னார். மறந்துவிடாமல் இருக்க எழுதி வைக்கிறேன்: குந்தன் சிங்.